பரத்வாஜ் கார்டு வாங்கிய கதை

விலை கேட்டுவிட்டு, "பாத்துச் சொல்றேன்" என்று கிளம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லஸ் பக்கம் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில், எட்டுக்கு ஆறு அடி இடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். பெயர் மெஹபூப் பாஷா, வீடு திருவல்லிக்கேணி. மில்லிலிருந்து பறந்து வரும் மாவு, நான் திறந்து வைக்கிற ஒவ்வொரு மிஷினிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். என் கோபத்தில் பாதி அந்த மாவால் வந்தது. மீதிப் பாதி பரத்வாஜ் மாதிரி ஆட்களால் வந்தது.

பரத்வாஜுக்கு நாற்பத்திரண்டு வயது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஃபிளாட்டில், இரண்டாவது மாடியில், அப்பா ராஜகோபாலனோடு இருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அடிபட்ட காரின் போட்டோவைப் பார்த்து, இது நேற்று இடித்ததா, போன வருஷத்து இடியைக் காட்டிக் காசு கேட்கிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். எதையும் நம்பாமல் இருப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிற மனுஷன். கல்யாணம் ஆகவில்லை. நாற்பது ஜாதகம் வந்ததாம். ஒன்றில் நட்சத்திரம் சரியில்லை, ஒன்றில் செவ்வாய், ஒன்றில் எல்லாம் சரி, ஆனால் இவர் யோசித்து முடிப்பதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. இதையெல்லாம் அவரே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னதுதான்.

அவருடைய கம்ப்யூட்டரைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அசெம்பிள் செய்தேன். அப்போது அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள். அண்ணன் கையில் நாலு பக்கத்துக்கு லிஸ்ட். தம்பி சுஹாஸ் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்கு என்னோடு வந்து, பத்து நிமிஷத்தில், திரையில் படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இது போதும் பாய்" என்றான். அந்தக் கார்டு பதினோரு வருஷம் ஓடியது. இரண்டு வருஷத்தில் அவன் கனடாவுக்குப் போய்விட்டான்.

போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, பரத்வாஜ் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் கம்ப்யூட்டர் கேபினெட், அதைச் சுற்றிப் போர்வை.

"இன்னா சாரே, குழந்தைக்கு இன்னா ஒடம்புக்கு?"

"கேம்ல அப்டேட் வந்தது பாய். போட்டேன். அதுக்கப்பறம் திரை கறுப்பாவே நின்னுடறது. மத்ததெல்லாம் வேலை செய்யறது."

திறந்து பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. கார்டுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பழைய கார்டு, இரண்டு ஜிபி. புது விளையாட்டு அதைத் திரும்பியும் பார்க்காது.

"வேற கார்டு போட்டா ஓடும் சாரே. எட்டு ஜிபி, ஒத்த ஃபேன், குட்டைக் கார்டு ஒண்ணு கீது. உங்க கேபினெட் சின்னது. ரெண்டு ஃபேன், மூணு ஃபேன்னு போனா ஹார்ட் டிஸ்க் கூண்டுல இடிக்கும். கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸும் மாத்தத் தேவையில்ல, இருக்கற கரண்டு போதும். ரிச்சி தெருவுல நம்ம ஆளுகிட்ட சொன்னா சாயங்காலமே மாட்டிக் குடுத்துர்றேன்."

அவர் கேபினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வையைச் சுற்றினார்.

"பாத்துச் சொல்றேன் பாய்."

மறு சனிக்கிழமை லேப்டாப்போடு வந்தார். பதினேழு கார்டுகளை வரிசையாகப் போட்டு ஒரு அட்டவணை தயாரித்திருந்தார். நீளம், சூடு, சத்தம், எத்தனை வருஷம் தாங்கும், விற்றால் என்ன வரும். கடைசிக் கட்டத்தில், பழைய பிராசஸரோடு ஒத்துப்போகுமா போகாதா என்று. புதுக் கார்டு வேகமாக இருந்து, பிராசஸர் பழசாக இருந்தால், கார்டு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். அது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு அளவு இல்லையா?

"சாரே, இது இன்னா, பத்துப் பொருத்தமா? பொண்ணு எம்.இ., பையன் டிப்ளமான்னு பாக்கறீங்களா? மாட்டினா ஓடும். கொஞ்சம் மெதுவா ஓடும். ஓடறதுதானே வேணும்?"

"இப்ப வாங்கிட்டு, அடுத்த மாசமே புது சீரிஸ் வந்துட்டா?"

"வரும். அதுக்கடுத்த மாசம் வேற ஒண்ணு வரும். அப்ப எப்பதான் வாங்குவீங்க?"

சிரித்தார். ஆடி பிறந்தது. ஆடியில் புதுசாக எதுவும் வாங்க வேண்டாம் என்றார். ஆவணியில் வேளச்சேரியில் ஒருத்தர் பழைய கார்டு விற்கிறார் என்று போட்டோ காட்டினார். நான் நல்ல கார்டு என்றேன். இவர் போட்டோவைப் பெரிதாக்கி, ஒரு ஸ்குரூவின் அடியில் மிளகளவு பழுப்புக் கறையைக் காட்டி, "இது தண்ணில நின்ன கார்டு பாய்" என்றார். எனக்குச் சந்தேகம். நேரில் போய்ப் பார்த்தால், ஆமாம், போன மழையில் அவர்கள் வீட்டுத் தரைத்தளமே மூழ்கியிருக்கிறது. தான் ஏமாறவில்லை என்று அவருக்கு அன்றைக்கு அப்படியொரு சந்தோஷம். கார்டு மட்டும் கைக்கு வரவில்லை.

புரட்டாசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாப்பத்திரண்டு வயசுல ஒரு கேமுக்கு இம்மாம் பாடா சாரே? வுட்டுத் தொலைங்களேன்" என்று கத்திவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் பரத்வாஜ் விஷயத்தைச் சொன்னார்.

விளையாட்டு அவருக்குப் பெரிசில்லை. ஞாயிறு காலை ஏழு மணிதான் பெரிசு. கனடாவில் அப்போது சனிக்கிழமை சாயங்காலம். அண்ணனும் தம்பியும் அந்த விளையாட்டில் ஒரு தீவுக்குப் போவார்கள். கல் உடைத்து, மரம் வெட்டி, இரண்டு பேருமாக ஒரு வீடு கட்டுவார்கள். காதில் ஹெட்செட். கை அங்கே வேலை செய்துகொண்டே இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். எட்டரை மணிவரை பேசுவார்களாம். போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். சாப்பிட்டியா, மழை பெய்யறதா, சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான்.

வீட்டில் தம்பியோடு பேசுகிறவர் இவர் ஒருத்தர்தான். அதற்குக் காரணம் அம்மா விசாலாக்ஷி போட்ட சட்டம். ஒரு காரியம் முடிகிறவரை வெளியே மூச்சு விடக்கூடாது. வேலையா, வீசாவா, வரனா, எதுவானாலும் கைக்கு வந்தபிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். முன்னாலேயே சொன்னால் கண் பட்டுக் கலைந்துவிடும். சுஹாஸ் இந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டு, எல்லாம் முடிந்தபிறகு போன் பண்ணிச் சொன்னான். ராஜகோபாலன் போனை வைத்தவர்தான், ஆறு வருஷமாகச் சின்னப் பிள்ளையோடு பேச்சு இல்லை. நடுவில் அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டம் மட்டும் இருக்கிறது.

"அப்ப தம்பிகிட்ட இன்னா சொல்லி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னு."

"அடப்பாவமே! கார்டு போயிடிச்சு, வாங்கிக்கினு கீறேன்னு ஒரு வரி போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"வாங்கி, மாட்டி, ஓட வச்சப்பறம் சொல்லிக்கலாம் பாய். இப்பவே சொன்னா நடக்காது. அம்மா சொல்லுவா."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை டப்பாவில் எறிந்தேன். சுஹாஸின் நம்பர் என்னிடமும் இருந்தது. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் மறக்காமல் வாழ்த்து அனுப்புகிற பிள்ளை. நானே ஒரு வரி போட்டிருக்கலாம். அடுத்தவர் வீட்டு விவகாரம், நமக்கென்ன வந்தது என்று விட்டேன். இப்போதும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டு யுபிஎஸ் விடாமல் கத்துகிறது என்று கூப்பிட்டார். ஒரு ஞாயிறு காலை, கடை திறப்பதற்கு முன்னால் போனேன். ஏழு, ஏழேகால் இருக்கும். பரத்வாஜ் பால் வாங்கப் போயிருந்தார். கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில், பிரம்பு நாற்காலியில், பெரியவர் ராஜகோபாலன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். மானிட்டர் அணைந்து கிடந்தது.

நான் பேட்டரியை மாற்றி முடிக்கிறவரை அவர் பேப்பரில் ஒரு பக்கமும் திருப்பவில்லை. நான் பையை எடுத்ததும், வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாய், அந்த மிஷின் எப்போ சரியாகும்?"

"கார்டு வாங்கினா ஒரு மணி நேரம் சாமி. ஏன்?"

"ஒண்ணுமில்லே. ஞாயித்துக்கிழமையானா நான் இங்கதான் உக்காந்துப்பேன். இவன் பேசறது எனக்குக் கேக்கும். அவன் பேசறது இவன் காதுக்குள்ளயே போயிடும். இவன் 'ஏன்டா இருமற'ம்பான். ஓஹோ, அவனுக்கு ஜலதோஷம்னு தெரிஞ்சுப்பேன். 'அதுக்குள்ள பனியா'ம்பான். சரி, அங்க பனி கொட்றதுன்னு தெரிஞ்சுப்பேன். நாலஞ்சு மாசமா ஒண்ணும் தெரியலை."

"நீங்களே ஒரு போனு போடுங்களேன் சாமி. பெத்த புள்ளதானே?"

"அதெப்படி?" என்றார். மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் படியிறங்கினேன்.

கார்த்திகையில் விலை ஏற ஆரம்பித்தது. மெமரி சிப்புக்குத் தட்டுப்பாடு என்றார்கள். ரேம் விலை இரண்டு மடங்கானது, கார்டு பின்னாலேயே ஏறியது. நான் போன் போட்டு, "சாரே, நான் சொல்றத கேளுங்க, இன்னிக்கி வாங்குங்க" என்றேன். அவர் விலை இறங்கட்டும் என்றார். மார்கழி வந்தது. மார்கழியில் வாங்குவதாவது! தை பிறந்து முதல் சனிக்கிழமை கடைக்கு வந்து, அட்டவணையில் முதல் இடம் பிடித்த கார்டின் பெயரைச் சொன்னார். ஆனி மாதம், இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரிடம், நான் சொன்ன அதே குட்டைக் கார்டு. விலை மட்டும் அப்போதையதைப் போல ஒன்றரை மடங்கு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் மாட்டிக் கொடுத்தேன். அழகாக உட்கார்ந்தது. "பாய், காலைல நீங்களும் ஒரு நடை வந்துடுங்கோ. அந்த நேரத்துல ஏதாவது மக்கர் பண்ணித்துன்னா எனக்குக் கை ஓடாது" என்றார்.

"தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஏழு மணிக்குக் கேம்ல நானே போய் நின்னுட்டா, அவனே பாத்துப்பான்" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு ஆசையை நான் பார்த்ததில்லை. அதனால் திட்டவும் மனசு வரவில்லை.

ஞாயிறு ஆறே முக்காலுக்குப் போனேன். பெரியவர் அந்த நேரத்துக்கே ஷேவ் பண்ணி, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, பிரம்பு நாற்காலியில் பேப்பரோடு தயாராக இருந்தார். எனக்குக் காபி வந்தது. பரத்வாஜ் விளையாட்டைத் திறந்தார். மக்கர் ஒன்றும் இல்லை. திரை முழுக்கக் கடல், கரையில் ஈர மணல், ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. என் கையால் மாட்டிய கார்டு. எனக்கே பெருமையாக இருந்தது.

திரையில் பரத்வாஜின் ஆள் தீவின் மேட்டில் ஏறினான். ஏறியவன் அப்படியே நின்றான்.

"என்ன சாரே?"

"நாங்க விட்டப்போ ஒரு சுவர்தான் எழும்பியிருந்தது பாய்" என்று மெதுவாகச் சொன்னார்.

இப்போது அங்கே முழு வீடு இருந்தது. மாடி, படி, ஓடு, சுற்றிலும் வேலி. வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, நடுவில் ஒரு விளக்கு எரிந்தது. எல்லாம் தம்பி ஒருத்தனாகக் கட்டியது. திரை ஓரத்தில், விளையாடுகிறவர்கள் பட்டியலில் சுஹாஸின் பெயர் மங்கலாக இருந்தது. பக்கத்தில், கடைசியாக வந்து போன தேதி. கார்த்திகை மாதத்துத் தேதி.

ஏழே கால் ஆயிற்று. ஏழரை ஆயிற்று. பெரியவர் பேப்பருக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார். பரத்வாஜ் போனை எடுத்து, 'கேம்ல இருக்கேன், வா' என்று அனுப்பினார். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. நீளமான பதில். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு போனை என் கையில் கொடுத்தார்.

'பரத், கம்ப்யூட்டரை வித்துட்டேன். நானும் அவளும் பிரிஞ்சாச்சு. டைவர்ஸ் பேப்பர் வியாழக்கிழமைதான் கைக்கு வந்தது. முடியட்டும்னு யாருக்கும் சொல்லலை. வீட்டைக் காலி பண்ணிட்டு ஒரு ரூம்ல இருக்கேன். ஜூன்ல ஆரம்பிச்சது இது. உன்கிட்ட மட்டுமாவது சொல்லிடலாம்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் உக்காந்தேன். நீ வேலைன்னே. சரி, உனக்கும் என்னோட பேசி அலுத்துப்போச்சுன்னு நினைச்சுண்டேன். தப்பா எடுத்துக்காதே. இப்ப போன் பண்ணாதே. பேசத் தெம்பு வரும்போது நானே கூப்பிடறேன். அப்பாவைப் பாத்துக்கோ.'

யா அல்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பரத்வாஜ் அழவில்லை. திரையில் அந்த இரண்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா," என்றது பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "வந்துட்டானா?"

ஆறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து தம்பியைப் பற்றி நேராக வந்த முதல் கேள்வி அது. பரத்வாஜ் என்னைப் பார்த்தார். பிறகு ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"வந்துட்டான்ப்பா."

நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேச ஆரம்பித்தார்.

"ஆங், கேக்கறதுடா... எப்படி இருக்க? ... அங்க குளிர் ஜாஸ்தியா? ... இருமல் ஒண்ணும் இல்லியே? ... இல்லடா, அலுப்பெல்லாம் இல்லடா. கார்டு போயிடுத்து. வாங்கி மாட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டேன்... ஆமா, முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லியிருக்கணும்டா..."

அங்கே குரல் கொஞ்சம் உடைந்தது. இருமி மறைத்துக்கொண்டார். திரையில், அவ்வளவு பெரிய தீவில், அவருடைய ஆள் ஒருத்தன்தான் நின்றுகொண்டிருந்தான். பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்து திரை தெரியாது. அவர் பேப்பரை மடியில் இறக்கிவிட்டார். இத்தனை மாதத்துக்கும் சேர்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முகம் மெல்ல இளகிக்கொண்டே வந்தது.

"பரத்," என்றார் பெரியவர், கூச்சத்தோடு. "அவ... அந்தப் பொண்ணு... எப்படி இருக்கான்னு கேளேன். நான் கேட்டேன்னே சொல்லு. பரவாயில்லே."

பரத்வாஜ் மைக்கை வாய்ப்பக்கம் இழுத்தார்.

"அப்பா கேக்கறார்டா, அவ எப்படி இருக்கான்னு" என்றார். காத்திருந்தார். தம்பி பேசி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு திரும்பினார்.

"நன்னா இருக்காளாம்ப்பா."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். "வயசாச்சு பாய்," என்றார் என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் எத்தனை நாளைக்கு வீம்பு பிடிச்சுண்டு உக்காந்திருக்கறது? சம்மர்ல ரெண்டு பேரையும் ஒரு தரம் வந்துட்டுப் போகச் சொல்லணும்."

எட்டரை மணிவரை பேசினார் பரத்வாஜ். அப்புறம் என்னோடு கீழே கேட்வரை இறங்கி வந்தார். தெருவில் வெயில் வந்துவிட்டிருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"பெரியவர்கிட்ட எப்ப சாரே சொல்லப் போறீங்க?" என்றேன்.

அவர் கேட்டின் கொக்கியை மாட்டினார். எடுத்தார். மறுபடி மாட்டினார்.

"பாத்துச் சொல்றேன் பாய்" என்றார்.